வழி அடைபட்ட ரத்தம்: குழந்தைகளின் போர்ட்டல் அழுத்த நோயும் சிகிச்சையும்

இரண்டு நாள் காய்ச்சலும் சளியும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சிரப் இரண்டு வேளை உள்ளே போயிருக்கிறது. மூன்றாம் நாள் இரவு, ஐந்து வயதுப் பையன் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருகிறான். பாய் நனையும் அளவுக்கு ரத்தமாக வாந்தி எடுக்கிறான். வயிற்று வலி இல்லை, மஞ்சள் காமாலை இல்லை. நேற்றுவரை தெருவில் ஓடி விளையாடிய பிள்ளை. வயிறு மட்டும் கொஞ்சம் முன்தள்ளி இருக்கும். அதைப் பூச்சி வயிறு என்று சொல்லி இருமுறை மருந்து கொடுத்தாயிற்று. குழந்தைகளின் கல்லீரல் நோயைப் பார்க்கும் மருத்துவர் யாரிடம் கேட்டாலும், ஊரையும் வயதையும் மாற்றி இதே கதையைச் சொல்வார்.

நம் நாட்டில் ஒரு குழந்தை இப்படிப் பெருமளவில் ரத்த வாந்தி எடுத்தால், பெரும்பாலும் காரணம் போர்ட்டல் சிரையில் ஏறிய அழுத்தம்தான். ‘போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன்’ என்று மருத்துவர் சொன்னதும், “இந்த வயசுலயே பி.பி.யா டாக்டர்?” என்று பெற்றோர் கேட்பது வாடிக்கை. கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பெயர் கிளப்பும் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச வேண்டியிருக்கிறது.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் திரும்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. கணையத்தின் பின்னால் குடல் சிரையும் மண்ணீரல் சிரையும் ஒன்றுகூடிப் போர்ட்டல் சிரையாகி, கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த வழியாக வருவது. சாப்பிட்ட சாப்பாட்டின் சத்தும் நஞ்சும் முதலில் கல்லீரலின் பார்வைக்குப் போக வேண்டும் என்பது உடம்பின் ஏற்பாடு. இங்கே அழுத்தம் சாதாரணமாக 5 முதல் 10 மி.மீ. பாதரசம்தான். மிக மெதுவான ஓட்டம். மடையை அடைத்தால் தண்ணீர் வரப்பைத் தேடுவதுபோல, வழியில் தடை வந்தால் இந்த ரத்தமும் கிடைத்த சந்துகளில் எல்லாம் புகும். அப்படிப் புகும் இடங்களில் மோசமானது உணவுக்குழாயின் அடிப்பகுதி. அங்கே மெல்லிய தோலுக்கு அடியில் சிரைகள் புடைத்து நெளிகின்றன. ஒருநாள் அவற்றில் ஒன்று வெடிக்கிறது. பின்தங்கிய ரத்தத்தால் மண்ணீரலும் வீங்கி, தட்டணுக்களையும் வெள்ளணுக்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பூச்சி வயிறு என்று நினைத்தது இந்த மண்ணீரலைத்தான்.

தடை எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கல்லீரலுக்குள்ளேயே இருந்தால் அது சிரோசிஸ்: பித்தக்குழாய் அடைபட்டுப் பிறந்த குழந்தை, செம்பு தேங்கும் வில்சன் நோய், ஆட்டோஇம்யூன் கல்லீரல் அழற்சி. கல்லீரலைத் தாண்டி, ரத்தம் வெளியேறும் சிரைகளில் இருந்தால் பட்-கியாரி நோய். அடைப்பை பலூனால் விரித்து ஸ்டென்ட் வைப்பது அதற்கான வழி. கல்லீரலுக்கு முன்னால், போர்ட்டல் சிரையிலேயே அடைப்பு இருந்தால் ‘இ.எச்.பி.வி.ஓ.’ என்று எழுத்துகளாகச் சொல்லப்படும் நோய். மேற்கு நாடுகளின் குழந்தை மருத்துவமனைகளில் முதல் வகை அதிகம். நம் நாட்டில் மூன்றாவது வகையே பெரும்பங்கு. மேலே சொன்ன பையனுக்கும் அதுதான்.

இ.எச்.பி.வி.ஓ. ஏன் வருகிறது? பிறந்த சில நாட்களில் தொப்புளில் சீழ் பிடித்து, அந்த நோய்த்தொற்று தொப்புள் சிரை வழியே உள்ளே போய் ரத்தத்தை உறையவைப்பது ஒரு காரணம். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சையில் தொப்புள் சிரை வழியாகக் குழாய் செலுத்துவது இன்னொன்று. ரத்தம் எளிதில் உறையும் பரம்பரைக் கோளாறு சிலருக்கு. மற்றபடி, கணிசமான குழந்தைகளில் எவ்வளவு தேடினாலும் காரணம் அகப்படுவதில்லை. அதனால் தாயைப் பார்த்து “தொப்புளைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையா?” என்று கேட்பது அநியாயம். ஆனாலும் தொப்புள்கொடியின் மேல் எண்ணெய், சாம்பல், மஞ்சள் என்று எதையும் பூசாமல் காயவிடுவது நல்லது என்பதில் மருத்துவ உலகில் இருவேறு கருத்து இல்லை.

அடைபட்ட சிரையைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிரைகள் கொத்தாக வளர்ந்து வழி தேடும். இதை கேவர்னோமா என்கிறார்கள். டாப்ளர் ஸ்கேன் ஒன்றே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்த ஸ்கேனுக்கு வந்து சேர்வதற்குள் குழந்தை சுற்றும் சுற்று இருக்கிறதே! ரத்தசோகைக்கு இரும்புச்சத்து டானிக். தட்டணு குறைவு என்றதும் ரத்தப் புற்றுநோய் சந்தேகம். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பரிசோதனை. கல்லீரல் ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் நார்மலாக வருவதால் கல்லீரல் பக்கம் யாருக்கும் கண் போவதில்லை. நியாயம்தான், கல்லீரல் நன்றாகத்தான் இருக்கிறது.

கல்லீரல் நன்றாக இருக்கிறதா, இல்லையா? குழந்தைகளின் போர்ட்டல் அழுத்த சிகிச்சை முழுவதும் இந்தக் கேள்வியில்தான் இரண்டாகப் பிரிகிறது. சிரோசிஸ் குழந்தைக்கு ரத்தக்கசிவு என்பது கல்லீரல் தோற்றுக்கொண்டிருப்பதன் அறிகுறி. கசிவை நிறுத்தினாலும் கணக்கு முடியாது. இ.எச்.பி.வி.ஓ. குழந்தைக்கோ கசிவை நிறுத்திவிட்டால் பல பத்தாண்டு வாழ்க்கை காத்திருக்கிறது. ஒரே பெயரைச் சுமக்கும் இந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுதான் இத்துறையில் நடந்த பிழைகளில் பெரியது.

அப்பாவின் சட்டை

அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. போர்ட்டல் அழுத்தம் பற்றி உலகம் பின்பற்றும் வழிகாட்டுதல்கள் 1990-இல் இத்தாலியின் பவேனோ என்ற ஏரிக்கரை ஊரில் தொடங்கிய கூட்டங்களிலிருந்து வருபவை. ஏழாவது கூட்டம் 2021-இல் நடந்தது. அவற்றின் ஆதாரங்களில் மிகப் பெரும்பாலானவை மதுவாலும் வைரஸாலும் கல்லீரல் கெட்ட பெரியவர்களிடம் செய்த ஆய்வுகள். குழந்தைகளுக்கு அவற்றை எடை பார்த்துக் குறைத்து எழுதிக்கொள்கிறோம். அப்பாவின் சட்டையைக் கைமடித்துப் பிள்ளைக்குப் போட்டுவிட்ட மாதிரி.

சட்டை எங்கே பொருந்தவில்லை என்பதற்கு ஓர் உதாரணம். பெரியவர்களில் அழுத்தத்தை அளக்கக் கழுத்துச் சிரை வழியே மெல்லிய குழாயைக் கல்லீரல் சிரைவரை செலுத்தி, எச்.வி.பி.ஜி. என்ற அழுத்த வேறுபாட்டைக் கணக்கிடுகிறார்கள். 10-ஐத் தாண்டினால் கவலை, 12-ஐத் தாண்டினால் ரத்தக்கசிவு ஆபத்து. மருந்து வேலை செய்கிறதா என்பதையும் இந்த எண்ணை வைத்தே தீர்மானிக்கிறார்கள். இ.எச்.பி.வி.ஓ. குழந்தையிடம் இதை அளந்தால் எண் ஏறக்குறைய நார்மலாகவே வரும். அடைப்பு கல்லீரலுக்கு முன்னால் இருப்பதால், பின்வாசலில் நின்று அளக்கும் கருவிக்கு முன்வாசல் நெரிசல் தெரியாது. பித்தக்குழாய் அடைப்புக் குழந்தைகளிலோ கல்லீரலுக்குள் குறுக்கு வழிகள் உண்டாகி எண்ணைக் குறைத்துக் காட்டுகின்றன. ஆக, பெரியவர் மருத்துவத்தின் அளவுகோல் இங்கே பாதி குருடு. அதனால்தான் தட்டணு எண்ணிக்கை, மண்ணீரலின் நீளம், ஆல்புமின் அளவு மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, யாருக்கு ஸ்கோப் செய்து பார்க்க வேண்டும் என்று ஊகிக்கும் வழிகளைக் குழந்தை மருத்துவர்கள் தேடிப்போனார்கள்.

ரத்தம் கொட்டும் இரவு

15 கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்தம் ஓடும் ரத்தம் சுமார் 1,200 மி.லி. ஒன்றரை டம்ளர் வாந்தியில் போனாலே கால் பங்கு போயிற்று. அந்த இரவில் செய்ய வேண்டியவை பற்றி இன்று பெரிய சர்ச்சை இல்லை. மூச்சுக்குழாயைப் பாதுகாப்பது, இழந்த ரத்தத்தை ஈடுகட்டுவது, ஆக்ட்ரியோடைட் சொட்டு மருந்து, செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஆன்டிபயாடிக், நிலைப்பட்டதும் ஒரு நாளுக்குள் எண்டோஸ்கோப்பி. ஆக்ட்ரியோடைட் குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, அடைபட்ட வழிக்கு வரும் வரத்தையே குறைக்கிறது. சில நாட்கள் தொடர்ந்து ஓட வேண்டிய மருந்து அது.

ரத்தம் ஏற்றுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. பதற்றத்தில் பாட்டில் பாட்டிலாக ஏற்றி ஹீமோகுளோபினை 11, 12-க்குக் கொண்டுபோனால், உடைந்த சிரையில் அழுத்தம் ஏறி மறுபடி கசியும். 7 முதல் 8 வரை வந்தால் போதும் என்பதே இன்றைய நடைமுறை. “பையன் வெளுத்துப்போய்க் கிடக்கிறான், இன்னொரு பாட்டில் போடக் கூடாதா?” என்று வார்டு வாசலில் நிற்கும் தாத்தாவுக்கு இதை விளக்குவது எளிதல்ல.

எல்லாம் கைவிட்டால் மூக்கு வழியே பலூன் குழாயைச் செலுத்தி, ஊதி அழுத்திப் பிடிப்பது. 1950-இல் செங்ஸ்டேக்கனும் பிளேக்மோரும் அறிமுகப்படுத்திய இந்தக் கருவி குழந்தைகளின் அளவிலும் உண்டு. ஒரு நாளுக்கு மேல் வைத்தால் உணவுக்குழாயே புண்ணாகிவிடும். அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசேர்க்கும் தோணி, அவ்வளவுதான்.

ரப்பர் வளையம்

ஸ்கோப்பின் நுனியில் கண்ணாடிபோன்ற சிறு மூடி. மூடியின் வெளிவிளிம்பில், இழுத்து மாட்டிய குட்டி ரப்பர் வளையங்கள் வரிசையாக. மருத்துவர் புடைத்த சிரையின்மேல் மூடியை வைத்து உறிஞ்சுகிறார். சிரை ஒரு நாவற்பழம்போல மூடிக்குள் எழும்புகிறது. திரை முழுக்கச் சிவப்பு. கையில் இருக்கும் சக்கரத்தைத் திருப்பியதும் ஒரு வளையம் நழுவி அதன் கழுத்தைக் கவ்விக்கொள்கிறது. அடுத்த புடைப்பு. கழுத்து நெரிபட்ட சிரை சில நாட்களில் செத்து உதிர, அந்த இடத்தில் சின்னப் புண் மிஞ்சும். அது ஆறும்வரை ஆறிய கஞ்சி, மோர்சாதம், குழைந்த இட்லி. முறுக்கு கூடாது. முதல் இரண்டு வாரத்தில் இந்தப் புண்ணிலிருந்தும் கசியக்கூடும் என்பதால் வீட்டுக்கு அனுப்பும்போது தூரத்து ஊர்க்காரர்களைப் பக்கத்தில் தங்கச் சொல்வது உண்டு.

அமெரிக்காவின் கிரெக் ஸ்டீக்மன் 1980-களின் பிற்பகுதியில் புகுத்திய இந்த ‘பேண்டிங்’ முறைக்கு முன், சிரைக்குள் ஊசியால் மருந்து செலுத்தி அதைச் சுருங்கவைக்கும் ஸ்கிளிரோதெரப்பிதான் வழக்கம். 1939-இலேயே சுவீடனில் கிராஃபோர்டும் ஃப்ரெங்க்னரும் செய்து காட்டியது. பிறகு அறுவை சிகிச்சையின் ஆரவாரத்தில் மறக்கப்பட்டு 1970-களில் மீண்டது. குழந்தைகளில் ஊசி முறை இன்னும் சாகவில்லை. பேண்ட் மாட்டிய ஸ்கோப் 10 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தையின் தொண்டையில் இறங்குவது கடினம். அங்கே பழைய ஊசிதான் கைகொடுக்கிறது. இரைப்பையில் புடைத்த சிரைகளுக்கு இரண்டுமே சரிப்படாது. சயனோஅக்ரிலேட் என்ற பசையைச் செலுத்தி அடைக்கிறார்கள்.

இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை வந்து, புடைப்புகள் மறையும்வரை செய்துகொள்ள வேண்டும். அதன்பின் மாதக்கணக்கில் இடைவெளி விட்டுப் பார்க்க வேண்டும். முறையாக வருகிற குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு உணவுக்குழாய்ப் புடைப்புகள் மறைந்துவிடுகின்றன. ஆனால் மடை அப்படியே அடைபட்டுத்தான் இருக்கிறது. ஒரு வரப்பை உயர்த்தினால் தண்ணீர் இன்னொன்றைத் தேடும். உணவுக்குழாயில் மூடியது இரைப்பையில் திறக்கலாம். பித்தக்குழாயைச் சுற்றிய சிரைகள் பருத்து அதை நெரிக்கலாம். மண்ணீரல் வற்றுவதில்லை.

முதல் கசிவுக்கு முன்னாலேயே பேண்ட் போடலாமா என்பது இன்றும் ஓயாத வாதம். 2000-இல் பிரேசிலிலிருந்து வந்த சோதனை ஒன்றில் 100 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்கு முன்கூட்டியே ஊசி சிகிச்சை கொடுத்தார்கள். உணவுக்குழாய்க் கசிவு குறைந்தது. இரைப்பையின் சிக்கல்கள் கூடின. உயிர் பிழைத்தவர் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. பாரிஸுக்கு அருகே உள்ள பிசெத்ர் மருத்துவமனைக் குழுவோ, பெரிய புடைப்பு, அதன்மேல் சிவப்புக் கோடுகள், இரைப்பையிலும் புடைப்பு என்று ஆபத்தான தோற்றங்களை அடையாளம் கண்டு, அவற்றுக்கு முன்கூட்டியே பேண்ட் போடுவதை வலியுறுத்துகிறது. அமெரிக்கர்கள் அந்த அளவுக்கு இறங்கி வரவில்லை. நம் ஊர் நிலைமைக்கு நான் பிரெஞ்சுக்காரர்கள் பக்கம்தான். ரத்த வங்கியும் ஸ்கோப்பும் உள்ள மருத்துவமனை நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கும் குழந்தையிடம் “முதலில் ஒருமுறை கசியட்டும், பார்க்கலாம்” என்று சொல்ல மனம் வராது.

மாத்திரை விஷயத்தில் அந்த உறுதி எனக்கு இல்லை. 1980-களின் தொடக்கத்தில் பிரான்சில் லெப்ரெக் குழு புரோப்ரனலால் மறுகசிவைக் குறைக்கும் என்று காட்டியதிலிருந்து பெரியவர்களுக்கு அது அன்றாட மருந்து. இப்போது கார்வெடிலால் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. குழந்தையின் இதயம் வேறு மாதிரி. ரத்தம் குறையும்போது ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் அளவை அதனால் பெரிதாகக் கூட்ட முடியாது. துடிப்பின் வேகத்தைக் கூட்டித்தான் சமாளிக்கும். இந்த மருந்து கட்டிப்போடுவது அந்த வேகத்தையே. கசிவு வராதவரை சரி. வந்துவிட்டால் தற்காத்துக்கொள்ளும் கையைக் கட்டிப்போட்ட கதை. குழந்தைகளிடம் செய்த நம்பத்தகுந்த பெரிய சோதனை ஏதும் இல்லாத நிலையில், மாத்திரையை மட்டும் நம்பிக் குழந்தையை ஊருக்கு அனுப்புவது துணிச்சல்.

எக்கின் நாய்கள்

புதிய வழி வெட்டுவது என்ற யோசனை பழையது. 1877-இல் ரஷ்யாவில் நிகொலாய் எக் என்பவர், எட்டு நாய்களின் போர்ட்டல் சிரையைக் கல்லீரலுக்கு வெளியே உடலின் பெருஞ்சிரையோடு இணைத்தார். ஏழு நாய்கள் செத்தன. எட்டாவது இரண்டரை மாதம் இருந்துவிட்டு ஓடிப்போனது. 1893-இல் பாவ்லோவின் ஆய்வகத்தில் இதே அறுவையைத் திருத்தமாகச் செய்து, பிழைத்த நாய்களுக்கு இறைச்சி கொடுத்தபோது அவை மூர்க்கமாகி, தடுமாறி, வலிப்பு கண்டன. குடலிலிருந்து வரும் நஞ்சு கல்லீரலைத் தொடாமல் மூளைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை அந்த நாய்கள் அன்றே காட்டிவிட்டன. ஆனாலும் 1945-இல் நியூயார்க்கில் விப்பிள் மனிதர்களில் இந்த இணைப்பைப் பரவலாக்கியபோது மயக்கம் இருந்தது: அழுத்தம் இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று. அழுத்தம் இறங்கியது. நோயாளிகள் பலர் குழம்பிப்போனார்கள்.

அதன் பிறகான வரலாறு, எவ்வளவு ரத்தத்தைத் திருப்பிவிடுவது என்ற பேரம். மண்ணீரலை எடுத்துவிட்டு அதன் சிரையை இடது சிறுநீரகச் சிரையோடு இணைப்பது லின்டன் வகுத்த முறை. மண்ணீரலை விட்டுவைத்து, உணவுக்குழாய்ப் பக்கத்து ரத்தத்தை மட்டும் வடியவிடுவது 1967-இல் டீன் வாரன் சொன்னது. 10 வயதுக்குக் கீழே, சிரை 1 செ.மீ. அகலத்துக்குக் குறைவாக இருந்தால் இணைப்பு அடைபட்டுவிடும், தொடாதே என்பது நெடுநாள் சட்டமாக இருந்தது. நுண்தையல் கைவந்ததும் பிசெத்ர் மருத்துவமனை அறுவை மருத்துவர்கள் சிறு குழந்தைகளிலும் அது திறந்தே இருக்கும் என்று காட்டி, அந்தச் சட்டத்தை உடைத்தார்கள்.

இந்தியாவின் பங்கு இங்கே சிறியதல்ல. டெல்லி எய்ம்ஸில் 1976 முதல் 1992 வரை இ.எச்.பி.வி.ஓ. குழந்தைகள் 160 பேருக்கு மண்ணீரல்-சிறுநீரகச் சிரை இணைப்பு செய்தார்கள். அறுவையோடு தொடர்புடைய இறப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. மறுகசிவு 11 சதவீதம். கல்லீரல் நல்ல நிலையில் இருந்ததால் பாவ்லோவின் நாய்களுக்கு வந்த கதி இவர்களுக்கு வரவில்லை. சண்டிகரில் மண்ணீரலை எடுக்காமலே இரண்டு சிரைகளையும் பக்கவாட்டில் இணைக்கும் முறையும் குழந்தைகளுக்குக் கையாளப்பட்டது. ஊரிலிருந்து மாதாமாதம் ஸ்கோப்புக்கு வர முடியாத குடும்பத்துக்கு ஒரே அறுவையில் முடிப்பது நல்லது என்ற அந்த வாதத்தில் இன்றும் உயிர் இருக்கிறது. ரயில் கட்டணம், அப்பாவின் கூலி நாள், வீட்டில் விட்டுவந்த இன்னொரு குழந்தை ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கும் மருத்துவம் அது.

பழைய வழியைத் திறப்பது

இந்த இணைப்புகள் எல்லாமே ரத்தத்தைக் கல்லீரலிலிருந்து விலக்குபவை. 1992-இல் பெல்ஜியத்தின் ஜான் டி வில் டி கோயே எதிர்த்திசையில் யோசித்தார். வயிற்றுக்குள் இருக்கும் போர்ட்டல் சிரைதான் அடைபட்டிருக்கிறது. கல்லீரலுக்குள் அதன் இடது கிளை திறந்திருக்கிறது. அப்படியானால் அடைப்பைச் சுற்றிப் பாலம் போட்டால் என்ன? குழந்தையின் கழுத்திலிருந்து ஒரு பக்க ஜுகுலர் சிரையை எடுத்து, ஒரு முனையைக் குடல் சிரையிலும் மறுமுனையைக் கல்லீரலின் ரெக்ஸ் பள்ளம் எனப்படும் இடத்தில் உள்ள இடது போர்ட்டல் கிளையிலும் தைத்தார். கருவில் இருந்தபோது தொப்புள் சிரை வந்து சேர்ந்த இடம் அது. கல்லீரல் மாற்றுக்குப் பிறகு சிரை அடைபட்ட குழந்தைக்காகத் தொடங்கிய இந்த முறை, பிறகு இ.எச்.பி.வி.ஓ. குழந்தைகளுக்கு வந்தது.

மீசோ-ரெக்ஸ் பைபாஸ் என்ற இந்த அறுவையின் பலன் கசிவை நிறுத்துவதோடு நிற்கவில்லை என்பதுதான் சுவாரசியம். ரத்தம் மறுபடி கல்லீரலுக்குப் போனதும் குழந்தைகள் உயரம் பிடித்தார்கள். ரத்தத்தில் அமோனியா இறங்கியது. கவனம், நினைவு தொடர்பான சோதனைகளில் முன்னேற்றம் தெரிந்தது. ரத்தம் உறைவதற்கான புரதங்கள் சீராயின. ‘கல்லீரல் நன்றாக இருக்கிறது’ என்று நாம் சொல்லிவந்ததில் ஒரு ஓட்டை இருந்தது இப்போது புரிகிறது. செல்கள் நன்றாகத்தான் இருந்தன. அவற்றுக்குப் போக வேண்டிய சாப்பாடு போகவில்லை. பள்ளியில் மந்தம், வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை என்பவற்றை நோய்வாய்ப்பட்ட குழந்தையின் இயல்பு என்று விட்டுவிட்டோம்.

இதனால்தான் சிக்கல் உள்ள இ.எச்.பி.வி.ஓ. குழந்தைகள் எல்லோருக்கும், முடியுமானால் இந்த அறுவையை முதலில் யோசிக்க வேண்டும் என்று பவேனோ கூட்டங்களின் குழந்தைகள் பிரிவு சொல்கிறது. ‘முடியுமானால்’ என்ற சொல்லுக்குள் நிறைய இருக்கிறது. இடது கிளை திறந்திருக்க வேண்டும். அதை உறுதிசெய்ய கல்லீரல் சிரை வழியே பின்னோக்கிச் சாயம் செலுத்திப் படம் எடுக்க வேண்டும். உறைவு அந்தக் கிளைவரை பரவியிருந்தால் பாலத்துக்குக் கரை இல்லை. அறுவை மருத்துவரின் கைப்பழக்கமும் பெரிதும் பொருட்டு. இந்தியாவில் இதைத் தொடர்ந்து செய்யும் இடங்கள் குறைவு. முடியாதவர்களுக்குப் பழைய மண்ணீரல்-சிறுநீரக இணைப்பு இன்னும் நல்ல சிகிச்சைதான்.

கல்லீரல் கெட்டவர்களுக்கு

கல்லீரலே கெட்டுப்போன குழந்தைக்கு மேற்கண்ட அறுவைகள் பெரும்பாலும் பொருந்தாது. விதிவிலக்கு, பிறவியிலேயே கல்லீரலுக்குள் நார் படியும் நோய். அதில் கல்லீரலின் வேலைத்திறன் கெடுவதில்லை என்பதால் இணைப்பு அறுவை நன்றாகப் பலிக்கிறது. வில்சன் நோய்க்கும் ஆட்டோஇம்யூன் அழற்சிக்கும் அடிப்படை நோய்க்கான மருந்தை உரிய நேரத்தில் தொடங்கினால் அழுத்தமும் தணிய வாய்ப்புண்டு.

பித்தக்குழாய் அடைப்புதான் கடினம். ஜப்பானின் செண்டையில் மோரியோ கசாய் 1950-களில் உருவாக்கிய அறுவை, குடலை நேரே கல்லீரலின் அடிவாரத்தில் தைத்துப் பித்தத்துக்கு வழி விடுகிறது. பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். நம் ஊரில் “மஞ்சள் தானாப் போயிடும், காலை வெயில்ல காட்டு” என்றே இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. தைவான் 2004 முதல் பிறந்த குழந்தை ஒவ்வொன்றின் வீட்டுக்கும் மலத்தின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை கொடுத்தது. அறுவை முன்கூட்டியே நடந்தது, முடிவுகள் மேம்பட்டன. ஓர் அட்டை செய்யும் வேலைக்கு நாம் பின்னால் லட்சங்கள் செலவழிக்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் நீடித்து, மலம் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் அது வெயிலில் காட்டித் தீரும் விஷயம் இல்லை.

கசாய் பலிக்காத குழந்தையிடம் சிரை கசியத் தொடங்கினால், பேண்டும் ஊசியும் நாட்களை வாங்கித்தரும். தீர்வு கல்லீரல் மாற்றுதான். 1963-இல் டென்வரில் ஸ்டார்ஸல் செய்த உலகின் முதல் மனிதக் கல்லீரல் மாற்று இந்த நோய் கொண்ட 3 வயதுக் குழந்தைக்குத்தான். போர்ட்டல் அழுத்தத்தால் வயிறெங்கும் புடைத்த சிரைகளிலிருந்து ரத்தம் கொட்டியதாலும், அந்த ரத்தம் உறையும் திறனை இழந்திருந்ததாலும், அந்தக் குழந்தை அறுவை மேசையிலேயே இறந்தது. இன்று நல்ல மையங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் முதல் ஆண்டைத் தாண்டுகிறார்கள். தாயோ தந்தையோ தன் கல்லீரலில் ஒரு துண்டைக் கொடுப்பது இங்கே பெருவழக்கு. தமிழ்நாட்டில் முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த சிகிச்சைக்கு இடமுண்டு என்பது தெரியாமலேயே நிலத்தை விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கையெழுத்துக்கு முன்

மீண்டும் அந்த ஐந்து வயதுப் பையனிடம் வருகிறேன். காய்ச்சலின்போது அவனுக்குக் கொடுத்த சிரப் பாரசிட்டமாலோடு ஐபுபுரூஃபென் கலந்ததாக இருந்திருக்கலாம். ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் இரண்டும் இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது. பாரசிட்டமால் மட்டும் போதும். மலம் தார்போலக் கறுத்திருந்தால் உள்ளே கசிவு இருக்கிறது என்று பொருள். வாந்திக்குக் காத்திருக்க வேண்டாம். பெரிய மண்ணீரல் உள்ள பிள்ளை கபடி ஆடக் கூடாது. சைக்கிள் ஓட்டட்டும், பள்ளிக்குப் போகட்டும்.

கடைசியாக ஒன்று. மண்ணீரல் பெரிதாகி ரத்த அணுக்கள் குறைந்த குழந்தையிடம் “மண்ணீரலை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்” என்று சொல்வது நூறாண்டுப் பழைய பழக்கம். அது இன்னும் முற்றாகப் போகவில்லை. எடுத்ததும் தட்டணு ஏறும், வயிறு வற்றும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் போர்ட்டல் அடைப்பு அப்படியே இருக்கும், சிரைகள் மறுபடி கசியும். அப்போது இணைப்பு அறுவைக்குத் தேவையான மண்ணீரல் சிரை இருக்காது. நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளைத் தடுக்கும் ஓர் உறுப்பும் போயிருக்கும். ஆகவே அறுவைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: டாப்ளரில் போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா? ரெக்ஸ் பைபாஸ் இவனுக்கு முடியுமா என்று பார்த்தாயிற்றா? மண்ணீரலை எடுப்பதென்றால் அதன் சிரையைச் சிறுநீரகச் சிரையோடு இணைக்கப் போகிறீர்களா, இல்லை எடுத்துவிட்டுத் தைத்துவிடுவீர்களா? கடைசிக் கேள்விக்கு ‘எடுத்துவிட்டுத் தைப்போம்’ என்பதே பதிலானால், கையெழுத்துப் போடாமல் வேறொரு மருத்துவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.